உரலில் எழுதிய எண்

உங்கள் பெயரை எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும், நிலப் பத்திரத்தில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். போனால் போகிறது, ஒரு பித்தளைச் செம்பின் கழுத்திலாவது இருக்கும். இலந்தைப்பட்டிப் பேச்சித்தாய்க்கு முப்பத்தாறு வயது வரை அப்படி ஓரிடமும் இல்லை. அவள் பிறந்ததை யாரும் எழுதவில்லை. கட்டிக் கொடுத்ததை எழுதவில்லை. பெற்றுப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளையும் எழுதவில்லை.

இலந்தைப்பட்டி, சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற வழியில், ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே, கரிசல் காட்டுக்கு நடுவே கிடக்கிறது. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் புழுதி. பேச்சித்தாய் ஆளோடு ஆளாகப் பருத்தி எடுப்பாள். புருஷன் ஆடு மேய்ப்பான். இதுதான் அவள் வாழ்க்கை என்று நான்கு வரியில் முடித்துவிடலாம். முடிக்க விடாதவள் அவளேதான்.

யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்க்குக் கார்டு போட்டார்கள். கொழுந்தன் வீட்டுக் கார்டில் 'பெரியவர்கள் நான்கு' என்று எழுதியிருந்தது. அந்த நான்கில் ஒன்றாகப் பேச்சித்தாய் இருந்தாள். பெயராக இல்லை, எண்ணாக. கொழுந்தன் தனிக் குடித்தனம் போனபோது கார்டும் அவனோடு போயிற்று. கடைக்காரனிடம் போய் நின்றாள். "ஒன் பேரு எதுல இருக்கு? காட்டு" என்றான். காட்ட ஒன்றுமில்லை. அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டில் விளக்கு எரியவில்லை. பட்டியலில் இல்லாதவள் இருட்டில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே படித்துக்கொண்டாள். எழுத்துத் தெரியாதவள் படித்த முதல் பாடம் அது.

பிறகு வந்தது 1951. இருபத்தொரு வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு! படித்தவன், படிக்காதவன், பத்து ஏக்கர் உள்ளவன், ஒரு குழி மண்ணும் இல்லாதவன், ஆண், பெண், எல்லோருக்கும்! இந்த நாட்டில் அதற்கு முன் இப்படி ஒன்று நடந்ததுண்டா? ராஜாக்கள் தங்கள் பெயரைக் கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்லைச் சுமந்தவள் பெயரை எவனாவது வெட்டினானா? இப்போது ஓர் அரசாங்கம் அவள் வீட்டுக்கே ஆள் அனுப்பி, "உன் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறது. கேட்டபோதே பேச்சித்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எழுத வந்தவர் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் சங்கரசுப்பு. அவள் பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார். புருஷன் பெயரை அவரே எழுதிக்கொண்டார், ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர்தானே. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் தாரால் ஓர் எண் எழுத வேண்டும் என்பது உத்தரவு. கீழத்தெருவில் கதவு ஏது? சோளத்தட்டையில் முடைந்த தட்டிதான். அதில் தார் பிடிக்குமா? கர்ணம் கதவு எண்ணுக்கான கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஊர்ச் சாவடியில் அச்சுப் பட்டியல் ஒட்டினார்கள். பருத்திக் காலம். கடையநல்லூரிலிருந்து சேலை மூட்டை சுமந்துகொண்டு ஆமினாள் வந்திருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"எங்கூருப் பட்டியல்ல என் பேரு இருக்கு தாயி. அல்லா மேல ஆணை, அச்சுல பாக்கையில அழுகையே வந்துட்டு. வா, ஒன் பேரைப் பாப்போம்" என்று பேச்சித்தாயை இழுத்துக்கொண்டு போனாள். விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தாள். கீழிருந்து மேலே வாசித்தாள். "பேச்சித்தாய், கணவர் கருத்தப்பாண்டி. இந்தா இருக்கு!"

"எத்தனை இருக்கு?" என்றாள் பேச்சித்தாய்.

"எத்தனையா? ஒண்ணுதான்."

"ஒண்ணா? இந்தத் தெருவுல நாங்க ஒம்பது பேரு இருக்கோமே ஆமினாக்கா!"

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குலசாமி பேச்சியம்மன் என்றால் வீட்டுக்கு ஒரு பேச்சித்தாய் பிறப்பாள். இன்னொரு குலசாமி கருத்தப்பாண்டி என்றால் வீட்டுக்கு ஒரு கருத்தப்பாண்டி பிறப்பான். இரண்டு வகையறாவுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை. ஆகவே கீழத்தெருவில் பேச்சித்தாய்கள் ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் புருஷன் ஒவ்வொரு கருத்தப்பாண்டி. ஊரில் யாருக்கும் இதனால் குழப்பம் வந்ததில்லை. கிணத்தடிப் பேச்சி, நெட்டைப் பேச்சி, பல்லுப் போன பேச்சி என்று அடையாளம் உண்டு. நம் பேச்சித்தாய் 'வெடுக்குப் பேச்சி'.

சாவடித் திண்ணையில் இருந்த கர்ணம் சிரித்தார். "ஏட்டி, ஒரு பேரு இருக்குல்லா? அது நீதான்னு வச்சுக்கோ. மத்தவளுவளுக்குச் சொல்லாத. போயி ஓட்டைப் போட்டுட்டு வா."

"மத்த எட்டுப் பேரும் செத்தா போயிட்டாளுவ?" என்றாள் பேச்சித்தாய்.

"பொம்பளைய ஓட்டுப் போட்டுத்தான் ராச்சியம் நடக்கணுமாக்கும்."

"இம்புட்டு நாளு ஆம்பளைய நடத்துன லெட்சணத்தைத்தான் பாத்துட்டோமே, கர்ணத்தையா."

மறுநாள் காலையில் கூலியை விட்டுவிட்டு ஏழு மைல் நடந்தாள்.

சங்கரன்கோவிலில் பட்டியல் வேலைக்கென்று ஒரு பழைய பருத்திக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் வைத்திருந்தார்கள். உள்ளே பஞ்சு வாடை போகவில்லை; ஆனால் டைப்ரைட்டர் சத்தம் பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது. தமிழ் எழுத்து அடிக்கிற டைப்ரைட்டர்! பக்கத்தில் தகரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அகர வரிசைப்படி நிறுத்தின ஆயிரம் அட்டைகள், ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அதன் முன்னால் குமாஸ்தா மருதப்பன் உட்கார்ந்திருந்தார். கர்ணத்தின் மூட்டையில் கட்டிக் கிடந்த ஊர்ச் சமாச்சாரத்தை எல்லாம் பெட்டியில் கொண்டுவந்து நிறுத்தியது அவர் கைதான். எந்த ஊர், எந்தப் பேர் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் அட்டையை உருவிக் காட்டுவார். அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். புதுக் கருவியைக் கண்டு சந்தோஷப்படாதவன் நேற்றையிலேயே உட்கார்ந்திருக்கிறவன்.

"பேச்சித்தாயா? ஆமா, இலந்தைப்பட்டி. ஒன்பது அட்டை இருந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே பேரு, ஒரே புருஷன், ஒரே தெரு, கதவு எண் இல்லை. இரட்டைப் பதிவுன்னு எட்டைக் கழிச்சுட்டேன்" என்றார். தவறைத் திருத்திய திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"ஐயா, நீங்க கழிச்சது அட்டையை இல்ல, ஆளை."

"வயசாவது வேற வேறயா இருந்துச்சே, அதைப் பாக்கலியான்னு கேப்பீங்க. பொம்பளைய வயசை யாரும்மா நம்புவா?"

"நான் ஒருத்தி ஒம்பது தடவை எழுதிக்கிட்டேன்னு மட்டும் நம்புவீகளோ?"

டைப்ரைட்டர் நின்றது. மருதப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணியோட மனு வாங்குறது முடியுது. ஒன்பது பேரும் நேர்ல வந்து நின்னாத்தான் நான் நம்ப முடியும்" என்றார்.

ஏழு மைல் திரும்பி நடந்தாள். வீட்டில் கருத்தப்பாண்டி பதினோரு நாளாகக் குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். "நாளைக்கும் போறியா?" என்றான். "போறேன்" என்றாள். "போ, போ. நான் எங்கயும் ஓடிப்போவ மாட்டேன்" என்று போர்வைக்குள்ளிருந்து முனகினான். கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு எட்டு வீட்டிலும் ஏறி இறங்கினாள். ஒரு நாள் கூலி போகுமே என்றார்கள் சிலர். புருஷன் வைவான் என்றார்கள் சிலர். "மண்ணெண்ணெய் இல்லாம நான் ஒரு வருசம் இருட்டுல கெடந்தது மறந்துபோச்சாட்டி?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். மறக்கவில்லை.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறும்போது கிட்டங்கி வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். வழித்துணையாக ஆமினாளும் மூட்டையோடு வந்திருந்தாள். மருதப்பன் உள்ளிருந்தே, "இலந்தைப்பட்டிப் பேச்சித்தாய்!" என்று கூப்பிட்டார்.

"இந்தா இருக்கேன்!" என்று ஒன்பது குரல்.

கிட்டங்கியே சிரித்தது. உள்ளே பெரிய மேஜையில் இருந்த அதிகாரிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மருதப்பனுக்கு முகம் சிவந்து போயிற்று. "சரிம்மா, சரி. மனு எழுதுவோம். முதல்ல நீங்க. கணவர் பேரு?"

அப்போதுதான் வந்தது வில்லங்கம். பேச்சித்தாய் வாயைத் திறக்கவில்லை.

புருஷன் பெயரைப் பொண்டாட்டி உச்சரித்தால் அவன் ஆயுசு குறையும். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். சட்டத்தில் இருந்தால் மீறியிருப்பார்களே!

"ஒங்களுக்குத்தான் தெரியுமே ஐயா, நேத்தே அட்டையில பாத்தியளே" என்றாள் நெட்டைப் பேச்சி.

"எனக்குத் தெரிஞ்சு என்ன? மனுக் கொடுக்கிறவங்க தன் வாயால சொல்லி நான் எழுதணும். அதுதான் விதி."

"நான் சொல்லட்டுமா?" என்று ஆமினாள் முன்னால் வந்தாள்.

"நீங்க அவருக்குப் பொண்டாட்டியாம்மா?"

"படைச்சவனே!" என்று ஆமினாள் பின்னால் போய்விட்டாள்.

"எம் புருசனுக்குச் செல்லம்மா அப்பான்னு எழுதுங்க" என்றாள் கிணத்தடிப் பேச்சி.

"செல்லம்மா அப்பாவுக்கு ஓட்டு கிடையாதும்மா."

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியது. மூன்றரை ஆயிற்று. ஒன்பது பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பேச்சித்தாய்க்கு வீட்டில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறவன் ஞாபகம். மற்ற எட்டுக் கருத்தப்பாண்டிகளும் கல்லுக் குண்டாக இருக்கிறார்கள். காய்ச்சலில் கிடப்பவன் அவளுடையவன்தான். இன்றைக்கு ராத்திரி அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அதைவிட, அவள் மனசு என்ன சொல்லும்?

அந்த மனசிடமே அவள் கேட்டாள். 'ரெண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் குடுத்தேனே. அதுக பேரை ஒரு நாளைக்கு நூறு தடவை வாய் நெறையக் கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாலயா செத்துச்சுக? மருந்து இல்லாமத்தானே செத்துச்சுக.'

எழுந்தாள். மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க. எம் புருசன் பேரு கருத்தப்பாண்டி!"

கிட்டங்கிக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. வேறொன்றும் நடக்கவில்லை. வானம் இடியவில்லை. மருதப்பனின் பேனா ஓடிற்று.

அடுத்து எழுந்தவள் பல்லுப் போன பேச்சி. அறுபது வயசு. காட்டுக்கு அந்தக் கடைசியில் நிற்கிறவனைக் கூப்பிடுவது போல, "கருத்தப்பாண்டீ!" என்று ஒரு போடு போட்டாள். "யாத்தே, நாப்பத்தஞ்சு வருசமாத் தொண்டையில முள்ளா நின்னுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு மடை உடைந்தது. ஒருத்தி வெட்கத்தோடு, ஒருத்தி கோபத்தோடு, ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு. கருத்தப்பாண்டி! கருத்தப்பாண்டி! தெருவில் போனவர்கள் என்ன திருவிழா என்று எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாம் சரி. கதவு எண் இல்லாம ஒன்பதும் மறுபடி ஒரே அட்டையாத்தான் விழும். கதவும் இல்லை. எதுல எழுத?" என்றார் மருதப்பன்.

"உரல்ல எழுதுங்க" என்றாள் பேச்சித்தாய். "மழைக்குச் சுவரு கரையும். காத்துக்குக் கூரை பறக்கும். எல்லா வீட்டு முன்னாலயும் உரலு கெடக்கு. அதை எவனும் தூக்கிட்டுப் போவ மாட்டான்."

மருதப்பன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "கதவுன்னா கதவுதானா? எண் நிக்கணும், அவ்வளவுதானே. எழுதுங்க" என்றார். அறுபத்தொன்று முதல் அறுபத்தொன்பது வரை எண் போட்டு மனுக்களைக் கட்டும்போது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

நாலாம் நாள் காலை மருதப்பனே தார் டப்பாவைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு இலந்தைப்பட்டிக்கு வந்தார். உரல் உரலாக எண் எழுதினார். பேச்சித்தாய் வீட்டு உரலில் அறுபத்திநாலு. திரும்பும்போது, "அட்டை பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். அட்டைக்குத் தெருவே தெரியாதுங்கறது தெரியாமப் போச்சு" என்று அவளிடம் சொன்னார்.

"தெரியாட்டிக் கேக்கணும் அண்ணாச்சி. நாங்க இங்கனதானே கெடக்கோம்."

கருத்தப்பாண்டி என்ன ஆனான் என்றுதானே கேட்கிறீர்கள்? மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பின கையோடு அவனை வண்டியில் போட்டுச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கசப்பு மாத்திரை தின்றான். ஒரு வாரத்தில் எழுந்து ஆட்டுக்குப் பின்னால் போனான். பெயரைச் சொன்னதால் அவன் சாகவில்லை. சொன்னதால் பிழைக்கவும் இல்லை. மாத்திரையால் பிழைத்தான். ஒன்பது கருத்தப்பாண்டிகளும் இன்றுவரை திடமாக இருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்து மூடத்தனத்தை ஒரு மத்தியானத்தில் ஒன்பது பெண்கள் சோதித்துப் பார்த்தார்கள். அது பொய் என்று தெரிந்துகொண்டார்கள். இதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்.

ஓட்டுப்போடும் நாளன்று வரிசையில் முதலாளாக நின்றவள் பேச்சித்தாய். உள்ளே இருந்தவர் பட்டியலைப் புரட்டி, "பேச்சித்தாய், கணவர் கருத்தப்பாண்டி, வீட்டு எண் அறுபத்திநாலு" என்று உரக்க வாசித்தார். "இன்னொரு தடவை வாசிங்க ஐயா" என்றாள். வாசித்தார்.

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அட்டைகள் பெருகியிருக்கின்றன, டைப்ரைட்டர்கள் பெருகியிருக்கின்றன. நாளைக்கு இதைவிட வேகமான யந்திரம் வரும், வரட்டும், வரவேற்போம்! ஆனால் எவ்வளவு வேகமான யந்திரமும் தட்டிக்குள் இருக்கிறவளைத் தானாகத் தெரிந்துகொள்ளாது. ஆகவே இதை மடித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் ஊர்ச் சாவடிக்குப் போங்கள். உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வாசிக்கத் தெரியாத நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் பெயரை அவர்கள் காதில் விழுகிற மாதிரி சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெயர் இல்லையென்றால், கெடு முடிவதற்குள் அவர்களோடு ஆபீஸ் வரைக்கும் நடங்கள்.