மூச்சக்காவின் மில்லிசீவர்ட் கணக்கு

"மூச்ச இழுங்க. இழுத்தாச்சா? அப்படியே புடிங்க. விட்டுடாதீங்க." சொல்லிக்கொண்டே பலகைமுன் நிற்பவரின் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்திவிட்டு, ஈயத்தகடு பதித்த தடுப்புக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கி, "ம், விடுங்க" என்று முடிக்கிறவர்தான் மூச்சக்கா. ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பெயர்தான். எக்ஸ்ரே டெக்னீஷியன் என்பதெல்லாம் சட்டையில் குத்திய அட்டையோடு சரி. வீட்டில் சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதும் புருஷனிடம் "புடிங்க, விட்டுடாதீங்க" என்று வாய் தவறி வந்துவிடும். அந்த மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பிக் காட்டுவார்.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும் சொந்தக்காரர்களை விரட்டுவதில் தயவுதாட்சண்யமே கிடையாது. "உள்ள என்ன வேடிக்கையா காட்டுறாங்க? வெளிய போய் நில்லுங்க." கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வாசனையும் கிடையாது, அதனால்தான் ஜனங்கள் ஒன்று அலட்சியமாக இருக்கிறார்கள், இல்லாவிட்டால் பயந்து சாகிறார்கள் என்பது அவர் கட்சி. அலட்சியக்காரர்களுக்கு அதட்டல். பயந்தவர்களுக்குக் கணக்கு. "உடம்புக்குக் கதிரால எவ்ளோ பாதிப்பு வரும்னு பாக்குற அளவு மில்லிசீவர்ட். சும்மா வீட்ல உக்காந்திருந்தாலே மண்ணுலருந்தும் வானத்துலருந்தும் வருஷத்துக்கு ரெண்டு மூணு வந்துட்டுதான் இருக்கு. ஒரு நெஞ்சுப் படம் அதுல சில நாள் பங்குதான். போய் நிம்மதியா சாப்பிடுங்க."

வயிற்றில் பிள்ளை இருக்கக்கூடிய வயதில் எந்தப் பெண் வந்தாலும் முதல் கேள்வி, "நாள் தள்ளிப் போயிருக்கா?" கல்யாணமாகாத பெண்ணைக் கூட்டிவந்த தாய்மார் முறைப்பார்கள். "முறைச்சா முறைச்சுட்டுப் போங்க. கேக்காம விட்டா நாளைக்கு நான்தான் முழிக்கணும்."

அந்தக் கேள்வியைத் தன்னிடம் மட்டும் அவர் கேட்டுக்கொள்வதில்லை. மாதாமாதம் கேட்டுக் கேட்டு ஏமாந்து, கேட்பதையே விட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

போன மாதம் முழங்கை உடைந்த ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும். அக்கா அவள் அம்மாவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்; அவள் வெட்கத்தோடு தலையாட்டினாள். "அப்ப நீங்க இங்க நிக்கவே கூடாது" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டு, அக்காவே பிடிக்கப் போய்விட்டார். ஈய அங்கி ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தது. மேலே விழும் கதிரை அளக்கும் பேட்ஜோ, புழுக்கத்துக்குக் கழற்றிய கோட்டோடு வெளியே ஆணியில் தொங்கியது. பிள்ளை வலியில் துடிக்கும்போது யார் அதைத் தேடுவது? இன்னொரு டெக்னீஷியன் பட்டனை அமுக்கினார். பிள்ளை அசைந்துவிட்டாள். மறுபடியும் எடுத்தார்கள். அப்புறம் பக்கவாட்டில் ஒன்று.

இப்போதுதான் தெரிந்தது, அன்றைக்கே அக்காவின் வயிற்றில் கரு தங்கியிருந்திருக்கிறது.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கைப் படத்துல சிதறி வந்தது எவ்ளோ இருந்துடப் போகுது? உனக்குத் தெரியாத கணக்கா?" தெரியும். பக்கத்தில் நிற்பவர்மேல் சிதறுவது துளியிலும் துளி. வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வருமோ என்று யோசிக்க வேண்டிய அளவு நூறு மில்லிசீவர்ட்டுக்குப் பக்கம். ஊருக்கெல்லாம் ஒப்பித்த கணக்குதான். ஆனால் தனக்கென்று போடும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு 'ஒருவேளை' வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவேளை அன்றைக்கு மெஷினில் அளவைக் கூட்டி வைத்திருந்தால்? ஒருவேளை இன்னும் ஒரு தடவை எடுத்தோமோ? பேட்ஜை அளந்து பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து அக்கா என்ன செய்வார்?

புருஷனிடம் நல்ல சேதியை மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் தண்ணீர்க் குடத்தைக்கூட இவரைத் தூக்க விடுவதில்லை. இத்தனை வருஷம் கழித்து வாய் கொள்ளாமல் சிரிக்கிறவரிடம் மிச்சத்தை எந்த வாயால் சொல்வது?

ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் கூப்பிடும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அதட்டல் குறைந்துவிட்டது. இரண்டு தடவை கூப்பிட்ட பெயரையே மறுபடி கூப்பிடுகிறார். உள்ளே மெஷின் சத்தம் கேட்டால் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்துகிறார். நகர்த்தத் தேவையில்லை என்று அவருக்கே தெரியும்.

நேற்று ஒரு இளம்பெண் மேசைமுன் வந்து நின்று அழுதாள். இருமலுக்கு வேறு எங்கோ நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறாள். அதற்கு அடுத்த வாரம்தான் உண்டாகியிருப்பது தெரிந்ததாம். "கலைச்சிடுன்னு மாமியார் சொல்றாங்கக்கா. புள்ள கோளாறாப் பொறக்குமாம்."

அக்காவுக்குப் பழைய வாய் திரும்பி வந்தது. "உன் மாமியார் எந்தக் காலேஜ்ல படிச்சாங்க? நெஞ்சுப் படத்துல வயித்துக்குப் போறது, ஒரு மில்லிசீவர்ட்ட நூறாப் பிச்சா அதுல ஒண்ணுகூட இல்ல. பயப்பட வேண்டியது நூறு. எங்க நூறு, எங்க இது? கலைக்கிற பேச்சே எடுக்காத. மாடியில டாக்டரம்மா இருக்காங்க, அவங்களும் இதையேதான் சொல்வாங்க."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போகத் திரும்பியவளின் மணிக்கட்டை அக்கா எட்டிப் பிடித்தார்.

"நான் சொன்னத நம்புறியா?"

"நம்புறேன்க்கா."

அக்கா கையை விடவில்லை. இன்னொரு கையால் நாற்காலி ஒன்றைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"உக்காரு. இப்ப அத நீ எனக்குச் சொல்லு."