கம்ப்ரசரும் வால் மெலிந்த பல்லியும்

என் தொழில் கூட்டாளியை எல்லோரும் கம்ப்ரசர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை பார்க்கும்போது அவர் தொண்டைக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டும் இல்லை, முனகலும் இல்லை. அது நின்றால் வேலை முடிந்துவிட்டது, இல்லையென்றால் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நான் தெரிந்துகொள்வேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருபத்தாறு வருடமாக ஒரே கடையில் இரண்டு பேரும் ஃப்ரிட்ஜைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருக்கிறோம்.

அவர் ஒரு ஃப்ரிட்ஜைக் கைவிட்டு நான் பார்த்ததில்லை. "இது தேறாதுங்க, எடைக்குப் போட்டுடுங்க" என்று நான் வாடிக்கையாளரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றியிருப்பார். ஒருமுறை கேஸ் கசிகிற இடத்தைத் தேடி, சோப்பு நுரையும் பிரஷுமாக ஒன்பது நாள் ஒரே ஃப்ரிட்ஜின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பத்தாவது நாள் அதன் சொந்தக்காரர் வேறு ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டார். இவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அப்படிப்பட்ட ஆளின் கண்ணில்தான் அந்தப் பல்லி பட்டது.

குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் பார்க்கப் போயிருந்தோம். பின்னறையில் தரையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே மணல், காய்ந்துபோன தண்ணீர்க் கிண்ணம், மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு பல்லி. ஒரு சாண் நீளம் இருக்கும். வால் மட்டும் விளக்குத் திரி மாதிரி வற்றிப்போயிருந்தது.

"விட்டுட்டுப் போயிட்டாங்க. ஃபோன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கிறாங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. "நாளைக்குக் குப்பை வண்டி வரும். போட்டுடணும்."

கம்ப்ரசர் குனிந்து பார்த்தார். "டேய், இது கண்ணைச் சிமிட்டுதுடா!"

சுவரில் ஓடுகிற பல்லிக்கு இமை கிடையாது. இந்த ஜாதிக்கு உண்டு. லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். சுவரிலும் ஏறாது, தரையில் நடக்கிற பிராணி. அதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"செத்த மாதிரி இருக்குண்ணே."

"மாதிரிதானே? சாகலையே" என்றவர் தொட்டியைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அண்ணி, அதாவது அவர் மனைவி, தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "நம்ம வீட்டுச் சுவத்துல ஏழெட்டு ஓடுது. ஒரு நாளாவது அதுங்களைச் சாப்பிட்டியான்னு கேட்டிருப்பீங்களா? இதுக்கு மட்டும் கண்ணாடி மாளிகையா? அதுங்க ரோஷப்பட்டு வீட்டை விட்டுப் போயிடப் போகுது."

"போனா நல்லதுதானே?"

"நானும் கூடவே போயிடுவேன், பாத்துக்குங்க."

மறுநாள் காலையில் பிராணிகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பல்லியைத் தராசில் வைத்தார். முப்பத்தோரு கிராம்.

"அறுபதாவது இருக்கணும். இது கொழுப்பை வால்லதான் சேத்து வைக்கும். வால் இப்படி வத்திப்போச்சுன்னா, வண்டி ரிசர்வ்ல ஓடுற மாதிரி. எவ்வளவு தூரம் ஓடும்னு சொல்ல முடியாது."

"என்ன செய்யணும், அதைச் சொல்லுங்கம்மா" என்று கம்ப்ரசர் எழுதிக்கொள்ள ஒரு சர்வீஸ் சீட்டைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா சொல்லச் சொல்ல எழுதினார். மணலை எடுத்துவிட வேண்டும். இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் டிஷ்யூ பேப்பர். தொட்டியின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தைந்து. எது வேண்டுமோ அதைப் பல்லியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒளிந்துகொள்ள சூட்டுப் பக்கம் ஒரு பொந்து, குளிர்ச்சிப் பக்கம் ஒன்று. நடுவில் ஈரத்துணி போட்ட ஒன்று. அந்த ஈரம் இல்லாவிட்டால் தோல் உரிக்கும்போது விரலில் சிக்கி, விரலே போய்விடும். இரை உயிரோடு இருக்க வேண்டும். அதன் இரண்டு கண்ணுக்கும் இடையில் எவ்வளவு இடமோ அதைவிடப் பெரிய பூச்சி ஆகாது. பூச்சி மேல் கால்சியம் பொடி. இலை, பழம் எதையும் இது தொடாது.

"சாப்பிட்டா மட்டும் போதாது சார், கழிக்கணும். குடல் வேலை செய்யுதுன்னு அப்பதான் அர்த்தம். மூணு வாரம் பாருங்க. அதுவரைக்கும் பெரிசா நம்பிக்கை வெச்சுக்காதீங்க."

நம்பிக்கை பற்றிச் சொன்னதை மட்டும் அவர் எழுதவில்லை.

அன்றைக்கே கடையை அரை நாள் சாத்திவிட்டுத் தொட்டியைத் தயார் பண்ணினோம். ஒரு பாதிக்கு அடியில் சூடு தரும் பாய் ஒட்டினோம். வைத்த அளவுக்குச் சூடு வந்ததும் தானே அணைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்று கடையில் கிடந்தது. அதை இணைத்து, அதன் சென்சாரைத் தொட்டியின் நடு உயரத்தில், காற்றில் தொங்கவிட்டார் கம்ப்ரசர். முப்பத்திரண்டு வைத்தார். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன், எனக்கும் சரியாகத்தான் பட்டது. குளிர் அறைக்குள் இருபத்தாறு வருடமாக அப்படித்தானே தொங்கவிடுகிறோம்.

சென்சார் காட்டிய அளவு இருபத்தேழைத் தாண்டவில்லை. மேல்மூடி கம்பி வலை, சூடெல்லாம் அது வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. இவர் சும்மா இருப்பாரா? சுற்றிலும் தெர்மோகோல் கட்டினார். இன்னொரு பாயை அடியில் ஒட்டினார். இருபத்தெட்டுக்கு வந்தது.

தூண்டில்காரர்களுக்குப் பூச்சி விற்கும் கடையில் சுவர்க்கோழி வாங்கி வந்தார். அதற்கும் ஒரு நாள் முழுக்கக் கேரட் கொடுத்து வயிற்றை நிரப்பினார். பூச்சி தின்றதுதானே பல்லிக்குப் போகும்? பிறகு ஒரு பையில் கால்சியம் பொடியோடு போட்டுக் குலுக்குவார். பூச்சிகள் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி முகமெல்லாம் பவுடரோடு வெளியே வரும். தின்னாத பூச்சி பல்லியையே கடித்துவிடுமாம். அதனால் நாலு விட்டால் நாலும் திரும்பக் கிடைக்கும் வரை இடுக்கியோடு காத்திருப்பார். ஒருநாள் மூன்றுதான் கிடைத்தது. நாலாவது பீரோவுக்குப் பின்னால் போய்க் கச்சேரி ஆரம்பித்தது.

"தம்பி, உங்க அண்ணன் எனக்கு ரேடியோ வாங்கித் தந்திருக்காரு. அணைக்கத்தான் முடியல" என்றார் அண்ணி என்னிடம்.

பல்லி எதையும் தொடவில்லை. குளிர்ச்சிப் பக்கத்து மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாலாம் நாள் முப்பது கிராம். எட்டாம் நாள் இருபத்தொன்பது.

"அண்ணே, டாக்டரம்மாவே பிடி கொடுக்காமத்தான் பேசினாங்க. நீங்களும் எவ்வளவோ பண்ணிப் பாத்தாச்சு."

"மூணு வாரம்னு சொன்னாங்கல்ல? எட்டு நாள் ஆயிருக்கு. உனக்குக் கணக்கு வராதா?"

"அது திங்கணுமே."

"ஏன் திங்கலைன்னு கண்டுபிடிச்சா திங்கும்."

ஒன்பதாம் நாள் காலையில் நான் அவரை அழைத்துப் போக வந்தபோது டிஷ்யூ பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். வழக்கமான ரீங்காரம். சூட்டுப் பக்கத்தில் பேப்பரை உருவிவிட்டு, துடைப்பதற்காக உள்ளங்கையை வைத்தவர் வெடுக்கென்று கையை இழுத்தார். ரீங்காரம் நின்றுவிட்டது.

பையிலிருந்து வெப்பமானியை எடுத்துத் தரையில் வைத்தார். நாற்பத்தாறு.

வெப்பமானியை என் பக்கம் திருப்பினார். "டேய், இது என்ன காத்துலயா படுக்குது? தரையிலதானே படுக்குது!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காற்று சூடாகவில்லை என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்க, பாய் நிற்காமல் எரிந்திருக்கிறது. நாங்கள் சூட்டை ஏற்ற ஏற்றத் தரை கொதித்திருக்கிறது. இந்தப் பிராணிக்கு வயிற்றுக்கு அடியில் இதமான சூடு இருந்தால்தான் தின்றது செரிக்கும். செரிக்காது என்று தெரிந்தால் தின்னாது. சூட்டுப் பக்கம் அடுப்பு, மறுபக்கம் சூடே இல்லை. பாவம், அது எங்கே போகும்?

அதுவரை எடை போடக்கூட டப்பாவில் ஏற்றியே தூக்கியவர், முதல் தடவையாகப் பல்லியை உள்ளங்கையில் ஏற்றித் தூக்கி வயிற்றைப் பார்த்தார். ஒரு பொட்டு அளவுக்குச் சிவந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். மருந்து பெயரை எழுதிக்கொண்டார். "முட்டாப்பய" என்று தன்னை ஒரு தடவை திட்டிக்கொண்டார். அதோடு சரி. தெர்மோகோலைப் பிய்த்தார், இரண்டாவது பாயைக் கழற்றினார், சென்சாரைத் தரையோடு தரையாக, சூட்டுப் பக்கத்துப் பொந்துக்குள் ஒட்டினார். முப்பத்திரண்டு வைத்துவிட்டு வெப்பமானியை எடுத்து அங்கே ஒரு தடவை, மூலையில் ஒரு தடவை, பொந்து வாசலில் ஒரு தடவை என்று வைத்து வைத்துப் பார்த்தார். அன்றைக்கு நான் மட்டும்தான் வேலைக்குப் போனேன்.

பதினோராம் நாள் பல்லி சூட்டுப் பொந்துக்குள் படுத்திருந்தது. பன்னிரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் இடுக்கியால் ஒரு பூச்சியை விட்டார். பல்லி தலையைத் தூக்கியது. வால் நுனி மட்டும் தனியாக நடுங்கியது. அடுத்த நொடி பூச்சி வாயில் இருந்தது.

"போடுங்க, இன்னொன்னு போடுங்க!" என்றார் அண்ணி. பின்னால் வந்து நின்றது எங்களுக்குத் தெரியவே இல்லை.

இன்னொன்று கொடுத்தார். மூன்றாவதைப் பல்லி வெறித்துப் பார்த்தும் கொடுக்கவில்லை.

"பாவங்க, கேக்குது பாருங்க."

"பட்டினி கிடந்த குடல். ஒரேயடியா ஏத்தினா தாங்காது. நாளைக்கு ஒன்னு."

தின்றுவிட்டது என்று நான் நிம்மதியானேன். அவர் ஆகவில்லை. டாக்டரம்மா சொன்ன இரண்டாவது விஷயம் பாக்கி இருந்தது. பதிமூன்று, பதினான்கு, பதினைந்து என்று நாள் போயிற்று. தினமும் கொஞ்சம் தின்றது, கழிக்கவே இல்லை. வயிறு லேசாக உப்பிக்கொண்டு வந்தது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் தொட்டியைத்தான் பார்ப்பார். கடையிலிருந்து வீட்டுக்கு மூன்று வேளை ஃபோன்.

"எங்க மாமனார் ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட இவர் இப்படி விசாரிச்சதில்ல தம்பி. எடுத்ததும் 'போச்சா, போச்சா'ன்னா நான் என்னத்தைச் சொல்றது?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

பதினாறாம் நாளிலிருந்து டாக்டரம்மா சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் பல்லியை உட்காரவைத்தார். வயிறு நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர், பத்தே நிமிடம். தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து, பிறகு வெப்பமானியும் வைத்துப் பார்த்த பிறகுதான் பல்லியை இறக்கினார்.

பதினெட்டாம் நாள் காலையில் நான் ஒரு பால் கம்பெனியின் குளிர் அறைக்குள் ஏணி மேல் நின்றிருந்தேன். கீழே மேனேஜர். ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், கையில் ஸ்பானர் இருந்தது.

"டேய்! கழிச்சிடுச்சுடா! கறுப்பா ஒரு துண்டு, பக்கத்துலயே வெள்ளையா ஒரு துண்டு. டாக்டரம்மா சொன்ன மாதிரியே ரெண்டும் இருக்கு. அண்ணிகிட்டயும் காட்டிட்டேன்!"

அண்ணி தூரத்தில் கத்துவதும் கேட்டது: "அதை ஏங்க அவர்கிட்ட சொல்றீங்க, வேலையில இருப்பாரு!"

மேனேஜர் மேலே பார்த்தார். "என்னங்க, வீட்ல குழந்தையா?"

"இல்லைங்க, பல்லி" என்றேன்.

மத்தியானம் கம்ப்ரசர் பல்லியையும், ஒரு சின்ன டப்பாவில் கழிவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் போயிருந்தேன். முப்பத்திரண்டு கிராம். டாக்டரம்மா வயிற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். சிவப்பு ஆறியிருந்தது. கழிவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள புழு இருக்கு சார். மருந்து கொடுக்கணும். ஒரு மாசம் தொட்டியை தினமும் கழுவணும், பொந்துங்களையும் கழுவணும். ஆனா குடல் திறந்திடுச்சு. இது பிழைச்சுக்கும். உண்மையைச் சொல்லட்டுமா? அன்னைக்கு நீங்க போனதும் ரெண்டு நாள்தான் தாங்கும்னு எங்க கம்பவுண்டர்கிட்ட சொன்னேன்."

கம்ப்ரசர் அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து புதுச் சர்வீஸ் சீட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் திருப்பி வைத்திருந்தார்.

"மருந்து எத்தனை சொட்டும்மா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"