மாசி மாதத்து வாய்தா

மக்களே, வக்கீலுடைய ஐம்பதாவது வருஷத் தொழில் விழாவுக்கு அழைப்பிதழ் வந்ததிலிருந்து, "போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பதினாறு வருஷம் அவரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் படித்தீர்கள். மறுக்கவில்லை. ஆனாலும் போகமாட்டேன். ஏனென்று வாயால் சொல்ல வராது, எழுதித் தருகிறேன். பத்தாம் வகுப்புப் படிப்பு, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கொலை, அடிதடி வழக்குகளைத் தொடமாட்டார். "நம்ம கட்சிக்காரன் எல்லாம் தேச்ச சட்டை போட்டவனாக்கும்" என்பார். மேனேஜர், சங்கத் தலைவர், பள்ளிக்கூட நிர்வாகி என்று பேனாவால் திருடினவர்கள்தான் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். முதல் வாய்தாவுக்கு முன்பு அவர்களுக்கு ஒரு பாடம் நடக்கும். ரெண்டு நாள் சவரம் கூடாது. கைக்கடிகாரம் கூடாது. சட்டைப் பையில் மாத்திரை அட்டை பாதி வெளியே தெரிய வேண்டும். ஊரை ஏய்த்தவன் மறுநாள் கோர்ட்டு வராந்தாவில், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தவனைப் போல நிற்பான். இதற்குத்தான் பெரிய மூளை என்று பெயர். அந்த மாத்திரை அட்டையை வாங்கி வருவது என் வேலை.

ஒரு சமயம் மலையிலிருந்து தனியார் ரப்பர் எஸ்டேட் மேனேஜர் ஒருவர் வந்தார். பதினோரு தொழிலாளிகள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கடிதம் தயாரித்து, கையெழுத்தையும் போலியாகப் போட்டுவிட்டார் என்று வழக்கு. இருபது, முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பத்தான் அந்தக் கடிதங்கள். சாட்சிகளில் ஒரு அம்மா முக்கியம். கைநாட்டு வைக்க மட்டுமே தெரிந்தவர். அவர் பெயரில் இருந்த கடிதத்திலோ முத்து முத்தாகக் கையெழுத்து. அந்த அம்மா கூண்டில் ஏறிவிட்டால் மேனேஜர் தப்ப முடியாது.

ஏறவிடாமல் வைத்திருந்ததுதான் வக்கீலின் சாமர்த்தியம். வேலை போன பிறகு அந்த அம்மா வேறொருவர் ரப்பர் தோட்டத்தில் தினக்கூலிக்குப் பால் வெட்டினார். விடியுமுன் மரத்தைக் கீறி, வடிந்த பாலைப் பத்து மணிவாக்கில் எடுக்க வேண்டும். கோர்ட்டுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அடிக்கடி வராமலிருந்தால் தோட்டக்காரர் வேறு ஆளைப் போடுவார். மாசி, பங்குனியில் மட்டும் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும். அப்போது வெட்டு இல்லை, ஆட்கள் சும்மா இருப்பார்கள். அந்த ரெண்டு மாசத்தில் வக்கீல் தேதியே வாங்கமாட்டார். நல்ல வெட்டு நாளாகப் பார்த்து வாங்குவார். சாட்சிகள் பஸ் ஏறி வந்து நின்றதும் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஜூனியர் எழுந்து அடுத்த தேதி கேட்பார். எந்தத் தேதி என்று துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுப்பது நான்.

ஆறு வருஷம். பத்துப் பேர் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் வந்தார். ஒரு மார்கழி வாய்தாவில், வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி, வெட்டு நாளுன்னு தெரிஞ்சுதான் ஒங்க வக்கீலுக்கு வயித்துவலி வருமோ?"

நான் சிரித்து மழுப்பினேன்.

"சிரிக்கியளா? சிரியுங்கோ. இன்னும் ஒரு தடவதான் வருவேன். தோட்டக்காரன் வேற ஆளு பாத்துட்டான்."

அன்று வக்கீல் மதுரையில் இருந்தார். போனில், "மாசியும் பங்குனியும் வேண்டாம், கேட்டீரா வேய்? சித்திரை கழிஞ்சு வாங்கும்" என்றார். நான் சீட்டில் மாசி மாதத்துத் தேதி ஒன்றை எழுதி ஜூனியரிடம் கொடுத்தேன்.

ஊர் திரும்பிய வக்கீல் டைரியைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "மாசியா? ஒம்மகிட்ட நான் என்னவே சொன்னேன்?"

"மறந்துட்டேன் சார்."

"படிச்ச ஒருத்தன வெச்சிருக்கணும்!"

என் படிப்புக் குறைவு பிரயோசனப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

மாசியில் அந்த அம்மா வந்தார். வக்கீலுக்கு வயிற்றுவலியும் வந்தது. புதிதாக வந்திருந்த நீதிபதி, "நிறைய தடவை வலித்தாயிற்று, இன்று விசாரித்தே ஆக வேண்டும்" என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் வக்கீலே குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று அந்த அம்மா சொன்னதும், வக்கீல் இளித்துக்கொண்டே தன் பேனாவைக் கழற்றி நீட்டினார்.

"தெரியாத மாதிரி நடிக்கியா? போடு, பாப்போம்."

அந்த அம்மா பேனாவை வெட்டுக்கத்தியைப் போல முஷ்டிக்குள் பிடித்தார். இடது மேலிருந்து வலது கீழாக, மரத்தில் கீறுவது போலச் சரிவாக ஒரே இழுப்பு. தாள் கிழிந்தது. நீதிபதி கிழிந்த தாளையும், முத்துக் கையெழுத்துக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மலையில் எந்த மாதம் வெட்டு நிற்கும் என்று தெரிந்து வைத்திருந்த மனுஷனுக்கு, வெட்டுகிற கை எப்படிப் பிடிக்கும் என்று தெரியவில்லை.

வெளியே வந்த அந்த அம்மா கேட்டார். "அடுத்த வாய்தா என்னைக்கு அண்ணாச்சி?"

"இனி வரண்டாம்மா. ஒங்க சாட்சி முடிஞ்சு."

"மெய்யாட்டா? அப்போ வக்கீலுக்கு வயித்துவலி தேவல ஆயிட்டா?"

அந்த வாரமே வேலையை விட்டேன். தக்கலையில் தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுத உட்கார்ந்தேன். மேனேஜருக்குத் தண்டனை கிடைத்ததைப் பிறகு கேள்விப்பட்டேன்.

விழாவில் பழைய குமாஸ்தாவுக்கும் ஒரு சால்வை உண்டாம். ஆறு வருஷம் அந்த அம்மாவை அலையவிட்ட சீட்டுகள் எல்லாம் என் கையெழுத்து. மாசிச் சீட்டு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக அவர்கள் சால்வை போடப்போவதில்லை. மற்றச் சீட்டுகளுக்காக நான் வாங்கப்போவதுமில்லை.