ஐந்து வைத்தேன், ஆறு வந்தது

சைகோனின் தூ டுக் பகுதி அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த இருக்கை ஜன்னலோரம். கூடத்தில் இருந்த இருபது மேஜைகளில் அது ஒன்றுக்குத்தான் நல்ல வெளிச்சம்; தலையைத் திருப்பினால் நெடுஞ்சாலை தெரியும். காரைக்காலிலிருந்து வந்து இறங்கிய புதியவனுக்கு அதைத் தூக்கிக் கொடுத்தார்களே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. இவ்வளவு நல்ல இடம் ஏன் காலியாகக் கிடந்தது என்று யோசிக்கவில்லை. அதற்கெல்லாம் மூளை வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் நான் வேலைக்கு வரும்போது மேஜையின் மூலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் ஐஸ் காபி இருக்கும். விடியற்காலையில் கூட்டித் துடைத்துவிட்டுப் போகும் அம்மாள் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். அவரை நான் பார்த்ததில்லை. சைகோன்காரர்களுக்கு என்ன விருந்தோம்பல் என்று மெச்சிக்கொண்டே சொட்டு விடாமல் குடித்துவிடுவேன். அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் அந்த நேரத்தில் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்கள்.

நாங்கள் செய்தது குளிர்பதனக் கிடங்குகளுக்கான அபாய மணி. மீனும் இறாலும் அடுக்கிய அறைக்குள் ஆள் இருக்கும்போது கதவு பூட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே மணி அடிக்கும். அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மணியை இயக்கும் நிரலில் பிழை கண்டால் அதை ஒரு தளத்தில் பதிவு செய்வார்கள். சரிசெய்ய எழுதிய துண்டு நிரலை, பேட்ச் என்பார்களே அதை, அந்தப் பதிவோடு இணைப்பார்கள். தளம் எப்போதும் புதிய பேட்சையே மேலே காட்டும். பழையது இறங்கி இறங்கி, யார் கண்ணிலும் படாமல் அடியில் கிடக்கும். அதை மாற்றி, அதிக நாள் காத்திருப்பதே முதலில் வரவேண்டும் என்று எங்கள் தலைவி முடிவு செய்தார். மாற்றிய வரிசை சரியாக வருகிறதா என்று சோதிப்பது என் வேலை.

சோதனை சுலபம். நிஜத் தளத்தின் நகல் ஒன்று தினமும் காலையில் எனக்குத் தயாராக இருக்கும். அதில் உள்ளதையெல்லாம் ஒரே கட்டளையில் துடைத்துவிட்டு, நானே ஐந்து பொய்ப் பேட்சுகளைப் பொய்த் தேதிகளோடு கலைத்துப் போடுவேன். பட்டியலைத் திறந்தால் அவை வயதுவாரியாக நிற்க வேண்டும். நின்றன. ஆனால் ஐந்துக்கும் மேலே, உச்சியில், நான் வைக்காத ஆறாவது ஒன்றும் நின்றது.

இரண்டு வருடப் பழையது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யாரோ விட்டுப்போன குப்பை என்று கையாலேயே நீக்கினேன். மறுநாள் காலை அதே இடத்தில் இருந்தது. திரும்பவும் நீக்கினேன். மூன்றாம் நாளும் வந்து நின்றது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே குறைவு. நான்காம் நாள், பெயரில்லாதவற்றைக் காட்டாதே என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டு, ஐந்தும் பச்சையாக மின்னுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். சோதிப்பவன் செய்யவே கூடாத காரியம் அது.

ஐந்தாம் நாள் மனசு கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டுப் பேட்சின் விவரங்களைத் திறந்தேன். பெயர்தான் இல்லையே தவிர, எந்தக் கணினியிலிருந்து வந்தது என்ற எண் இருந்தது. எங்கோ பார்த்த எண்ணாகத் தோன்றியது. குனிந்து என் மேஜைக்கடியில் இருந்த பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். அதே எண். மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஏசி அறையிலும் முதுகு வேர்த்தது.

பக்கத்து வரிசையில் சென்னைக்காரர் ஒருவர் இருந்தார். ஏழெட்டு வருடமாக அங்கே இருப்பவர், வியட்நாமிய மொழி நன்றாகப் பேசுவார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர் அனுப்புனது பாய். அனுப்பின ஒரு வாரத்துல ஹைவேல பைக் ஆக்சிடென்ட்டு. அப்புறம் இங்க யாருமே உக்காரல." பிறகு, காலியான குவளையைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். "அந்தக் காபி உங்களுக்கு வெக்கிறது இல்ல பாய்."

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இறந்தவருக்கு வைப்பதாம். மூன்று மாதமாக ஒரு மௌத்தானவரின் பங்கை நான் குடித்திருக்கிறேன். இன்னா லில்லாஹி என்று முணுமுணுத்துக்கொண்டேன், அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்திராத அந்த அம்மாள், மறுநாள் குவளை காலியாக இருப்பதைக் கண்டு என்ன நினைத்திருப்பார் என்பதை எண்ணியபோது இன்னும் பயமாக இருந்தது.

அந்தப் பேட்ச் திரும்பத் திரும்ப வந்ததன் காரணத்தைச் சென்னை நண்பர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். என் துடைக்கும் கட்டளை, பணியில் இருப்பவர்கள் போட்டதை மட்டுமே துடைக்கும். இறந்தவரின் கணக்கை மூடிவிட்டார்கள், பெயரும் அதோடு போய்விட்டது. அதனால் அவருடையது மட்டும் ஒவ்வொரு நகலிலும் தப்பி வந்தது.

அடுத்த நாள் இருவரும் விடியற்காலையில் போய் அந்த அம்மாளைச் சந்தித்தோம். நண்பர் அவரைக் கோ என்று அழைத்தார், நம் ஊரில் அத்தை என்பதுபோல. அவர் கணவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில் ஒரு குளிர்க்கிடங்கில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் உள்ளே மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தியிருக்கிறார், மணி அடிக்கவில்லை. யாரோ தற்செயலாகக் கதவைத் திறந்ததால் பிழைத்தார். கோ அதை இந்த மேஜைக்காரரிடம் அழுதுகொண்டே சொல்ல, அவர் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதி அனுப்பினாராம்.

"அதுக்கப்புறம் மணி நல்லா அடிக்குதுன்னு வீட்டுக்காரர் சொன்னாராம். அந்த நன்றிக்குத்தான் காபி வெக்கிறாங்களாம்" என்று நண்பர் மொழிபெயர்த்தார். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. அந்தப் பேட்சை இரண்டு வருடத்தில் ஒருவர்கூடத் திறந்ததில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். திறந்த ஒரே ஆள் நான், அதையும் மறைத்து வைக்க வரி எழுதியவன். கோ சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

தலைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அன்றே பேட்சைப் படித்தோம். மின்சாரம் போய் வந்தால் சாதனத்தின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பொத்தானை அழுத்தியதும் போகும் செய்தியைப் பழைய செய்தி என்று நினைத்து அது அடியில் தள்ளிவிடும், மணி அடிக்காது. இறந்தவர் அதைப் பிழையில்லாமல் சரிசெய்திருந்தார், ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை நண்பரும் நானும் கான் ஹொய் போனோம். கோவின் கணவர் ஒடிசலான மனிதர். கிடங்குக்காரர்களிடம் பலமுறை சொல்லியும் பலனில்லாமல் போகவே, மனைவி தூங்க வேண்டுமே என்று மணி சரியாகிவிட்டதாகப் பொய் சொல்லியிருக்கிறார். தினமும் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் உள்ளே போவாராம். அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

புதிய நிரலை ஏற்றினோம். சோதிக்க ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். நண்பர் கிடங்கின் மறுகோடியில் மின்சாரத்தை நிறுத்திப் போட, கணவர் கட்டையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பொத்தானை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் புரிந்தது, அந்தத் தடித்த கதவுக்குள் மணிச்சத்தம் வராது. உள்ளே இருப்பவனுக்கு அது அடிக்கிறதா இல்லையா என்று தெரிய வழியே கிடையாது. மறுபடி அழுத்தினேன். எண்ண ஆரம்பித்தேன். இறால் பெட்டிகளுக்கு மேலே வெள்ளைப் புகை நகர்ந்தது. மூக்குமுடி விறைத்தது. நூறு தாண்டியபோது, இறந்தவர் எங்காவது ஒரு புள்ளியைத் தவறாக வைத்திருப்பாரோ என்று தோன்றியது. இருநூறில் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

கதவு திறந்தது. மணி காதைப் பிளந்துகொண்டிருந்தது. கணவர் வாசலில் கண்ணெல்லாம் நனைந்து நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று கத்தினேன். அவர் ஏதோ சொன்னார். ஓடி வந்த நண்பர் மூச்சு வாங்கிக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"நீங்க அழுத்தினதுமே அடிச்சுதாம் பாய். இந்த சத்தத்த அவர் ஒருநாளும் கேட்டதில்லையாம். கேட்டுக்கிட்டே நின்னுட்டாராம்."