சகலையின் எச்சில்

தையல்காரருக்கு ஊசி பழகிய பொருள். ஆஸ்பத்திரி ஊசிதான் ஆகாது. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் முடிந்து சில வருடமாகியும், நோய் திரும்புகிறதா என்று பார்க்க அவர் போய்க்கொண்டே இருந்தார். மருந்து ஏறி ஏறி, ரத்தம் எடுக்கக் கையில் நரம்பு அகப்படாது. அப்புறம் மூக்கு வழியாகக் கேமராக் குழாய். வீடு திரும்பியதும் "ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

மனைவியின் தங்கை கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். அவருக்கும் அதே நோய் வந்தபோது தையல்காரர் ஆடிப்போனார், கூடவே அலைந்தார். சீக்கிரமே கண்டுபிடித்ததால் சகலைக்கு வெறும் அறுவை சிகிச்சையோடு போயிற்று.

ஒருநாள் சகலை கடைக்குள் துள்ளிக்கொண்டு வந்தார். "சகலை, ஆராய்ச்சியில என்னைச் சேத்துக்கிட்டாங்க. டியூப்ல துப்பிக் குடுத்தா போதும். நோய் திரும்புனா கட்டி உதிர்க்கற மரபணுத் துணுக்கு எச்சில்ல இருக்கான்னு பாப்பாங்களாம்."

"துப்புறதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று தையல்காரர் சிரித்தார். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றார். நர்ஸ் ஒரு டியூபைக் கொடுத்தாள். புளிப்பையெல்லாம் நினைத்தார், கன்னத்தைப் பிசைந்தார். கொஞ்சம் நுரைதான் வந்தது. நூல் முனையை நனைக்கவே வாயில் ஈரமில்லாமல் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துத் தைப்பவர் அவர்.

"கதிர்வீச்சுல எச்சில் சுரப்பி காஞ்சுபோச்சுய்யா. இந்த ஆராய்ச்சிக்கு நீங்க சரிப்பட மாட்டீங்க" என்றாள் நர்ஸ்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அடுத்தவன் எச்சிலுக்குப் போய் யாராவது பொறாமைப்படுவாங்களா?"

"அவனுக்கு எல்லாமே ஊறுது. ஒரு தடவையாவது அவன் மூக்குலயும் குழாய் போகட்டும், அப்பத் தெரியும்."

போயிற்று. சில மாதத்தில் சகலையின் எச்சிலில் நோயின் அடையாளம் தெரிந்தது. மூக்கு வழியாக விட்ட கேமராவிலும் ஸ்கேனிலும் ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். கலகலவென்று பேசும் மனிதர் கடையில் வந்து ஸ்டூலில் குறுகி உட்கார்ந்தார்.

"எச்சில்ல இருக்குங்கறாங்க, படத்துல இல்லைங்கறாங்க. எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியாம அதோட படுத்து எழுந்திருக்கேன். நீங்க குடுத்துவெச்சவரு சகலை. இல்லைன்னா இல்லைதான் உங்களுக்கு."

தையல்காரருக்கு, தான் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னது காதில் குடைந்தது. அடுத்த ஸ்கேனுக்கு அவரே கூடப் போனார். அடிநாக்கில், தொண்டையை ஒட்டிப் பொடிசாக ஒரு கட்டி. உடனே எடுத்துவிட்டார்கள். வலி வரட்டும் என்று காத்திருந்தால் பெரிதாகியிருக்கும் என்றார் டாக்டர். சகலை தேறி, வேனையும் ஓட்டத் தொடங்கினார்.

தையல்காரருக்கு நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதிக்குள்ளேயே பழைய எரிச்சல் இன்னும் கூர்மையாக எழுந்தது. அவனுக்கு எச்சில் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. எனக்கு வந்தால் யார் சொல்லுவார்?

அடுத்த சோதனைக்குச் சகலைதான் வேனில் அழைத்துப் போனார். கூடவே இறங்கப் போனவரைத் தையல்காரர் தடுத்தார்.

"நீங்க வண்டியிலயே இருங்க. குழாய் விடறப்ப உங்களைப் பாத்தா எனக்கு இன்னும் எரியும்."

"என்மேலயா?"

"உங்க மேலதான்."

சகலை கதவைச் சாத்திக்கொண்டு, "சரி, எரியட்டும். நான் இங்கதான் இருப்பேன், மெதுவா வாங்க" என்றார்.