இடதுபக்க இருக்கையில் பொன்னழகி அக்கா

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் சிங்கம்புணரியிலிருந்து சேவுகன் போன் செய்தார். எண்பதை நெருங்கும் நான் இப்போது காரைக்குடியில் எங்கள் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதோடு சரி. வேலையெல்லாம் மகன்கள் பார்க்கிறார்கள். உள்ளே சுத்தியல் சத்தம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கேட்டது.

"அண்ணே, அக்கா போயிட்டாகண்ணே. காப்பி குடிச்சிட்டுச் செத்த நேரம் படுக்கிறேன்னாக. எந்திரிக்கவே இல்ல."

சேவுகனுக்கு அக்கா என்றால் ஒரே ஒருவர்தான். பொன்னழகி அக்கா. பிற்பகல் பஸ்ஸில் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். வந்திருந்தவர்கள் அவருடைய கயிற்று வியாபாரத்தைப் பற்றிப் பேசினார்கள்; மூன்று பெண்களைப் படிக்க வைத்ததைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பழைய பிக்கப் வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பார்த்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் சேவுகனும் நானும்தான் போலிருக்கிறது. அதனால் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கதையில் தோற்றவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய கணவர் களத்திலேயே இருந்து தேங்காய் நார் திரிக்கும் வேலையைக் கவனித்துக்கொண்டார். கயிற்றைக் கொண்டுபோய் விற்பது அக்காவின் பொறுப்பு. மாட்டு வண்டியில் திருப்பத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தவர், காரைக்குடிக் கடைகளையும் பிடிக்க வேண்டும் என்று பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். சேவுகன்தான் டிரைவர். பெண்பிள்ளை வண்டியில் முன்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போவதா என்று கேட்டவர்களுக்கு, "கயித்துக்கு வெலை சொல்ல வாயி வேணும்ல? அதைக் கொண்டுக்கிட்டுப் போறேன்" என்பாராம்.

வாங்கிய ஆறாவது மாதம் வண்டி என் பட்டறைக்கு வந்தது. பாரம் ஏற்றிக் கிளம்பும்போது வண்டி உதறுகிறது, மேட்டில் இன்ஜின் அலறினாலும் வண்டி ஏறமாட்டேன் என்கிறது, ஒரு தீய்ந்த வாடை அடிக்கிறது என்றார்கள். பிரித்துப் பார்த்தேன். கிளட்ச் பிளேட் கருகிக் கண்ணாடி போலப் பளபளத்தது. புதுசு மாட்டி அனுப்பினேன். மூன்றே மாதத்தில் அதே உதறல், அதே வாடை, அதே கருகல். பெடலை அழுத்தி அளந்தேன். கிளட்ச் பிடிக்குமுன் பெடலில் இருக்க வேண்டிய தளர்வு சரியாக இருந்தது. ஸ்பிரிங் சரி. எண்ணெய்க் கசிவு இல்லை. மிச்சம் இருந்தது டிரைவரின் கால் மட்டும்தான்.

"உங்க டிரைவர் ஓட்டுறப்ப எல்லாம் கிளட்ச் மேலயே காலை வச்சிருக்கான். எத்தனை பிளேட் போட்டாலும் திங்கத்தான் செய்வான்" என்று அக்காவிடம் சொன்னேன். சேவுகன் அருகிலேயே நின்றான். "சத்தியமா இல்லண்ணே" என்றான். நான் காதில் வாங்கவில்லை. அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பட்டறைக்கு வந்த மற்ற டிரைவர்களிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். வண்டி ஸ்டாண்டில் அவனுக்குக் 'கிளட்ச் தின்னி' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரோடு அவன் வேறு எங்கும் வேலைக்குப் போக முடியாது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

அப்போது மாட்டிய பிளேட்டிலும் மறுபடி வாடை அடிக்கத் தொடங்கியபோது அக்காவின் கணவர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். டிரைவரை மாற்று, இல்லாவிட்டால் வண்டியை மாற்று என்று அக்காவின் அண்ணன் தம்பிகளும் நெருக்கினார்கள். சொன்ன நாளில் கயிறு வந்து சேராததால் இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒரு நார்க்கயிற்றை எடுத்து, ஒரு முனையைச் சேவுகனின் இடது கணுக்காலில் கட்டினார். மறு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு வாரம் அப்படியே காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் போய் வந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பைச் சேவுகன் இன்றைக்கும் சொல்வார்.

வாரக் கடைசியில் அக்கா பட்டறைக்கு வந்து, வெட்டிப் போட்ட கயிற்றை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, கியர் மாத்துறப்பத் தவிர அவன் காலு ஒரு தடவகூட எந்திரிக்கல. கயிறு என் கையில இருந்துச்சு. நீங்க வேற என்னமோ சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, உங்களுக்குக் கயிறு தெரியும். வண்டி எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அந்தக் கயிற்றையே எடுத்து நீட்டினார். "கயிறு அறுந்துச்சுன்னா நாங்க அறுந்த எடத்தப் பாக்க மாட்டோம் தம்பி. அது எங்க உரசுச்சுன்னு பாப்போம். நீங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா அறுந்த எடத்தையே பாத்துக்கிட்டு இருக்கீக."

பிறகு நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். காலியாக வரும்போது உதறல் இல்லை. பாரத்தோடு சமதரையில் ஓடும்போதும் இல்லை. பாரத்தோடு கிளம்பும் அந்த நொடியில் மட்டும் இருக்கிறது. மேட்டில் அதிகமாக இருக்கிறது. "இன்னொண்ணு. உதறுறப்ப எல்லாம் கியர் கம்பு சாஞ்சு வந்து என் முழங்கால்ல இடிக்குது. காலியா வாரப்ப இடிக்கிறதே இல்ல. வலது முழங்கால் கன்னிப்போய்க் கிடக்கு. அந்தக் கம்பு ஏன் தம்பி எடம் மாறுது?"

கியர் கம்பு கியர்ப்பெட்டியோடு சேர்ந்தது. கியர்ப்பெட்டி இன்ஜினோடு சேர்ந்தது. கம்பு சாய்கிறது என்றால் இன்ஜினே சாய்கிறது.

"நீங்க ஒரு தடவையாச்சும் இங்குட்டு உக்காந்து பாத்தீகளா?" என்று இடதுபக்க இருக்கையைக் காட்டினார். இல்லை. எத்தனையோ தடவை அந்த வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் காலி வண்டியாக, வலது பக்கத்தில் உட்கார்ந்து.

அன்றைக்கு ஏறி உட்கார்ந்தேன். பின்னால் கயிற்றுக் கட்டுகள் முழுப் பாரம். சேவுகன் கிளட்சை விட்டுக் கிளப்பியதும் கம்பு சாய்ந்து வந்து என் முழங்காலில் இடித்தது. இறங்கி ஓடிப்போய்ப் பானெட்டைத் திறந்தேன். மறுபடி மெல்ல நகர்த்தச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்த்தேன். இன்ஜின் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எழும்பி அமர்ந்தது. இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ரப்பர் அடியோடு கிழிந்திருந்தது. வண்டி நிற்கும்போது இன்ஜினின் கனத்தால் கிழிசல் ஒட்டிக்கொள்ளும். மேலே எண்ணெய் அழுக்கு வேறு மூடியிருந்தது. பாரம் இழுக்கும்போது இன்ஜின் எழும்பும். அப்போது பெடலிலிருந்து போகும் கம்பி தானாகவே கிளட்சை இழுத்துவிடும். யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி விட்டு நழுவும், உதறும், கருகும். நான் அளந்ததெல்லாம் நின்ற வண்டியில். அதனால்தான் எல்லாம் சரியாக இருந்தது.

புது ரப்பரும் புது பிளேட்டும் மாட்டினேன். பட்டறைக்குக் கொஞ்ச தூரத்தில் கண்மாய்க்கரைக்கு ஏறும் செங்குத்தான மேடு ஒன்று உண்டு. அக்கா அங்கேதான் போகச் சொன்னார். விஷயம் பரவி ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் வந்து கூடிவிட்டார்கள். முழுப் பாரத்தோடு பாதி மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இப்பக் கெளப்புடா."

வண்டி உதறவில்லை. அலறவில்லை. நெய்யில் வழுக்குவது போல மேலே போய் நின்றது. பாரத்தோடு ரிவர்ஸிலும் ஏற்றிக் காட்டினான் சேவுகன். கூடியிருந்தவர்கள் விசிலடித்தார்கள். அக்கா இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை அதற்குப் பிறகு தேர்தலில் ஜெயித்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

மேட்டிலிருந்து வந்ததும் பழைய பிளேட்டுகளுக்கு ஈடு செய்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது கெடக்கட்டும். இவன் பேரு போனது உங்க வாயால. நீங்களே திருப்பிக் குடுங்க" என்றார்.

அத்தனை டிரைவர்கள் நடுவில் நின்று சொன்னேன். "சேவுகன் மேல தப்பு இல்ல. நான்தான் பாக்காமச் சொல்லிட்டேன்." சேவுகன் அழுதான். பிறகு அழுதுகொண்டே சிரித்தான். அன்று ஸ்டாண்டில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விட்ட இரண்டு கடைகளையும் அக்கா அந்த வருஷமே திரும்பப் பிடித்தார். கல்லல் பக்கமும் வியாபாரம் போனது. நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் அதே பிக்கப் பட்டறை வாசலில் வந்து நின்றது. சேவுகன் இடது பக்கத்திலிருந்து இறங்கினான். ஓட்டிக்கொண்டு வந்தவர் அக்கா. கையில் புது லைசென்ஸ். "இன்ஸ்பெக்டரு மேட்டுல நிறுத்திக் கெளப்பச் சொன்னாரு தம்பி. எங்கிட்டயா?" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வழக்கம். ஒரு முதலாளி வந்து, டிரைவர்தான் வண்டியைக் கெடுக்கிறான், வேலையை விட்டு அனுப்பப்போகிறேன் என்று சொன்னால், நான் உடனே தலையாட்டுவதில்லை. பாரத்தை ஏற்றச் சொல்வேன். அந்த டிரைவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்காருவேன். என் மகன்களும் இன்று அப்படித்தான் செய்கிறார்கள். சில நேரம் குற்றம் டிரைவர் மேல்தான் இருக்கும். பல நேரம் இருக்காது. அப்படி வேலை பறிபோகாமல் தப்பிய டிரைவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொன்னழகி அக்கா என்று ஒருவர் இருந்தது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் பெயரைச் சொல்லி இதை எழுதினேன்.