என் கணினியில் மட்டும் ஓடிய பில்ட்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது நாங்கள் எல்லாரும் போனை அணைத்துவிடுவோம். கல்முனைக்குடியிலுள்ள எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் அந்த நேரம் இருப்பது தரணி மட்டும்தான். தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எனக்கு அங்கே பதினான்கு வருடம்; முதலாளிகூட அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்தால், எனக்கு முந்தி வந்திருந்த முதலாளி வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"காக்கா, நம்மட சவளக்கடை மில்லுட பில்ட் முடிஞ்சி. தரணி சேர்வர்லயே ஓட்டி எடுத்துட்டா."

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன பயன்?

எழுதிய நிரலையெல்லாம் சேர்த்து ஓடக்கூடிய மென்பொருளாக்குவதைத்தான் பில்ட் என்போம். அதுவரை சவளக்கடை நெல் மில்லுக்கான பில்ட் என் விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும். லினக்ஸ் சேர்வரில் போட்டால், பைலைக் காணவில்லை என்று நின்றுவிடும். காரணம் எனக்குத் தெரியும். ஸ்கிரிப்ட்டில் பாதைகளெல்லாம் என் டி டிரைவிலிருந்து தொடங்கின. லினக்ஸில் டி டிரைவே கிடையாது. திருத்த அரை நாள் போதும். ஆனால் நான் லீவு போட்டால், பில்ட் எடுக்க வேறு ஆளில்லாமல் முதலாளி என் வீட்டுக்கே கார் அனுப்புவார். அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை.

தரணி அந்தப் பாதைகளை புரொஜெக்ட் போல்டரிலிருந்து தொடங்கும்படி மாற்றியிருந்தாள். பிழை பிடிக்கவென்றே வரிவரியாகப் பார்த்தேன். ஒன்று அகப்பட்டது. நெல் நிறுத்ததும் அச்சாகும் துண்டுச் சீட்டின் படிவத்தைக் கொப்பி பண்ணும் வரி இன்னும் என் டி டிரைவைத்தான் காட்டியது. பைல் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி எழுதியவனும் நான்தான்.

அந்த நேரம் பார்த்து அவளே வந்தாள். "சேர், அனுப்ப முந்தி நீங்க ஒருக்காப் பாத்தா நல்லம். ஏதும் விடுபட்டிருக்கா?"

"இல்ல பிள்ள. எல்லாம் சரி."

அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை மில்காரர் போனில் கத்தினார். "துண்டு வருகுதில்ல. நெல் லொறியெல்லாம் ரோட்டுல நிக்குது."

முதலாளி தரணியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் விட்டுட்டன் சேர்," என்றாள். பத்து நிமிடத்தில் திருத்தியும் அனுப்பினாள்.

"காக்காட்ட காட்டியிருந்தா இது நடந்திரிக்காது," என்றார் முதலாளி. அந்தப் புகழையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான் முதலில் சொல்வது, பாதையில் சொந்த டிரைவை எழுதாதீர்கள் என்பதுதான். மற்றதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன். தரணி இன்றும் எனக்குப் பக்கத்து மேசையில்தான் வேலை செய்கிறாள், மரியாதையாகத்தான் கதைக்கிறாள். அதன் பிறகு ஒரு நாளும், ஒரு வரியைக்கூட, என்னிடம் பார்க்கத் தந்ததில்லை.